கூடுதல் நிதி கேட்டது நாங்கள் இல்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

துணை மானியக் கோரிக்கைகள் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ராணுவ ஓய்வூதியத்துக்கு அரசு பட்ஜெட்டுக்கு மேல் பணம் கேட்க நேர்வதற்குக் கட்டுரையாளர் பல காரணங்கள் சொல்கிறார். அவற்றில் ஒன்று, கை கால் நன்றாக இருப்பவர்களும் சர்க்கரை, ரத்தக்கொதிப்பு என்று சொல்லி ஊன ஓய்வூதியம் வாங்குகிறார்களாம். நீண்ட கட்டுரையில் அது ஒரே ஒரு வரி. எழுதியவருக்கு இந்நேரம் மறந்திருக்கும். எங்கள் ஊர் டீக்கடையில் மறக்கவில்லை. "என்ன மிலிட்டரி, நீங்களும் அந்த லிஸ்ட்தானா? நல்லாத்தானே நடக்கிறீங்க" என்று பத்துப் பேர் நடுவில் சத்தமாகக் கேட்டார்கள். சத்தம் போட்டது மரியாதைக் குறைவால் அல்ல. மெதுவாகக் கேட்டால் எனக்குக் கேட்காது என்பது ஊருக்கே தெரியும்.

நான் பீரங்கிப் படையில் ரேடியோ ஆபரேட்டராக இருந்தவன். 1999இல் திராஸ் பக்கம் எங்கள் பீரங்கிகள் இரவும் பகலும் சுட்டன. பீரங்கியோடு நிற்கிறவன் சுடும் நேரத்தில் காதைப் பொத்திக்கொள்ளலாம். ஆபரேட்டருக்கு அந்த வசதி கிடையாது. ஒரு காதில் ஹெட்செட், ஒரு கையில் பென்சில், வருகிற உத்தரவை ஒரு எண் பிசகாமல் எழுத வேண்டும். எனக்கு இடது காது முழுக்கப் போய்விட்டது, வலது காது பாதி இருக்கிறது. ஹெட்செட் எந்தக் காதில் இருந்தது என்று நான் சொல்லித்தான் தங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை.

ஓய்வு பெறும்போது மெடிக்கல் போர்டில் உட்கார்ந்திருந்த இளம் டாக்டர் தலை நிமிராமல் எழுதிக்கொண்டே கேள்வி கேட்டார். உதட்டைப் பார்த்தால்தான் எனக்குப் புரியும், அவரோ உதட்டைக் காட்டவில்லை. அவர் ஒன்று கேட்க நான் ஒன்று சொல்லியிருக்கிறேன். கடைசியில் ஊனம் 20 சதவீதம், பணியால் வந்ததும் அல்ல, பணியால் கூடியதும் அல்ல என்று தாளில் வந்தது. பட்டாளத்தில் இதை 'நானா' என்பார்கள், ஆங்கில எழுத்து நான்கின் சுருக்கம். அந்த நான்கு எழுத்து விழுந்தால் ஊன ஓய்வூதியம் பூஜ்யம். வீட்டில் ரொம்ப நேரம் பாட்டுக் கேட்பீர்களா என்பதுதான் அவர் கேட்ட கேள்விகளில் ஒன்று என்று கூட வந்திருந்த நண்பர் பிறகு சொன்னார்.

இத்தனைக்கும் ஆள் எடுக்கும்போது காதில் டார்ச் அடித்துப் பார்க்கிறார்கள். அழுக்கு இருந்தால்கூட சுத்தம் பண்ணிக்கொண்டு வா என்று திருப்பி அனுப்புகிறார்கள். சேரும்போது நோய் என்று எதுவும் பதிவாகவில்லை என்றால், இடையில் வந்ததைப் பணியால் வந்ததாகவே கொள்ள வேண்டும், இல்லை என்று நிரூபிக்க வேண்டியது அரசுதான் என்று 2013இல் தர்மவீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. 2014 டிசம்பரில் ராம் அவதார் வழக்கில் இன்னொன்று சொன்னது: ஐம்பது சதவீதத்துக்குக் கீழே இருக்கிற ஊனத்தை ஐம்பதாகக் கணக்கிடும் சலுகை, ஊனத்தால் பாதியில் வெளியேற்றப்பட்டவர்களுக்கு மட்டுமல்ல, பணிக்காலம் முடித்து வந்தவர்களுக்கும் உண்டு. இரண்டும் தங்களுக்குத் தெரிந்த தீர்ப்புகள்தான்.

இந்தச் சலுகையின் அளவு என்ன என்றும் பார்த்துவிடலாம். நூறு சதவீத ஊனத்துக்குக் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம். கடைசியாக 40,000 ரூபாய் வாங்கிய ஒரு ஹவில்தாருக்கு 20 சதவீத ஊனம் என்றால் மாதம் 2,400 ரூபாய். ஐம்பதாகக் கணக்கிட்டால் 6,000. அதன்மேல் அகவிலைப்படி. நாட்டின் கஜானாவைத் துடைப்பது இந்த ஆறாயிரம்தான் போலிருக்கிறது.

கட்டுரையாளர் சிஏஜி, அதாவது அரசுக் கணக்கைத் தணிக்கை செய்யும் தலைமை அதிகாரியின் அறிக்கையை ஆதாரம் காட்டியிருக்கிறார். சரி, அதையே எடுத்துக்கொள்வோம். 2015-16 முதல் 2019-20 வரை ஆண்டுதோறும் ஓய்வு பெற்ற அதிகாரிகளில் 36 முதல் 40 சதவீதம் பேருக்கு ஊனத்துக்கான பணம் சேர்ந்து கிடைத்திருக்கிறது. ஜவான்கள், ஜேசிஓக்கள் எனப்படும் சுபேதார் நிலைப் பதவியினரில் 15 முதல் 18 சதவீதம். பனியில் ரோந்து போகிறவன், குண்டைத் தூக்கி பீரங்கியில் போடுகிறவன், லாரி ஓட்டுகிறவன் எல்லாம் இரண்டாவது கணக்கில் வருகிறவர்கள். ஏசி அறை எந்தக் கணக்கில் வருகிறது என்று நான் சொல்லமாட்டேன், எனக்கு நல்ல அதிகாரிகளையும் தெரியும். ஆனால் கட்டுரையில் இரண்டு கணக்கும் 'ராணுவத்தினர்' என்று ஒரே சாக்கில் கட்டப்பட்டுவிட்டன. டீக்கடையில் பதில் சொல்ல வேண்டியவன் கர்னல் இல்லை, நான்.

ரத்தக்கொதிப்பு என்றால் ஏன் இத்தனை இளக்காரம் என்பதும் எனக்குப் புரியவில்லை. என்னோடு சேர்ந்தவர் ஒருவர் சியாச்சினில் இருந்து இறங்கி வந்தபிறகுதான் அவருக்குக் கொதிப்பு என்று கண்டுபிடித்தார்கள். அதற்கு முன் வருடா வருடம் 'ஷேப் ஒன்', அதாவது முழு உடல்தகுதி. மூச்சு முட்டுகிற உயரத்தில் மாதக்கணக்கில் இருந்துவிட்டு வந்தவனுக்கும், காலையில் இட்லியும் மாலையில் பஜ்ஜியுமாக உட்கார்ந்திருந்தவனுக்கும் ஒரே பெயரில் நோய் வந்தால் காரணமும் ஒன்றாகிவிடுமா? 2023 செப்டம்பரில் ஊன ஓய்வூதிய விதிகளை இறுக்கிய புண்ணியவான்கள் அப்படித்தான் நினைத்திருக்கிறார்கள்.

இனி அந்தக் கூடுதல் நிதி. 2022-23 பட்ஜெட்டில் ராணுவ ஓய்வூதியத்துக்கு 1,19,696 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். ஆண்டு முடிவதற்குள் அது 1,53,414 கோடி ஆனது. நடுவில் எத்தனை ஜவான்களுக்குத் திடீரென்று சர்க்கரை வந்துவிட்டது? ஒருவருக்கும் இல்லை. ஒரே பதவி ஒரே ஓய்வூதியத் தொகையை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவோம் என்று 2015 நவம்பரில் அவர்களே உத்தரவு போட்டிருந்தார்கள். 2019 ஜூலையில் செய்ய வேண்டிய மாற்றத்தைச் செய்யவில்லை. உச்ச நீதிமன்றம் 2022 மார்ச்சில் மூன்று மாதக் கெடு கொடுத்தது. அமைச்சரவை ஒப்புக்கொண்டது டிசம்பர் 23ஆம் தேதி. மூன்றரை வருடம் கொடுக்காமல் வைத்திருந்த நிலுவை சுமார் 28,000 கோடியாகச் சேர்ந்து நின்றது. அப்போதும் ஒரே தடவையில் கொடுக்கக் காசு இல்லை என்று நீதிமன்றத்தில் கையை விரித்தார்கள். எழுபது தாண்டியவர்களுக்கு 2023 ஜூன் கடைசிக்குள், மற்றவர்களுக்கு 2024 பிப்ரவரி வரை மூன்று தவணை என்று நீதிபதிகள் தேதி குறித்துக் கொடுக்க வேண்டியதாயிற்று. என் பக்கத்துத் தெரு சுபேதார் தன் தவணைக்குக் காத்திருந்து போய்ச் சேர்ந்தார். அவர் காத்திருந்த கதை எந்த வரவு செலவுப் புத்தகத்திலும் இருக்காது.

என் விஷயத்திலும் இதே கூத்துதான், சின்ன அளவில். ஆயுதப்படைத் தீர்ப்பாயம் எனக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. கொடுக்க வேண்டியவர்கள் கொடுக்கவில்லை. தீர்ப்பை நிறைவேற்றச் சொல்லி இன்னொரு மனு போட்டபிறகு, கெடு தாண்டியதால் வட்டியோடு சேர்த்து வந்தது. முதலிலேயே ஒழுங்காகக் கொடுத்திருந்தால் மாதம் சில ஆயிரத்தோடு முடிந்திருக்கும். நீதிமன்றத் தீர்ப்புக்காகக் கொடுக்கிற பணத்தை நாடாளுமன்றத்தில் ஓட்டுக்கு விடவே வேண்டியதில்லை, அரசியல் சட்டத்தின் 112, 113ஆம் பிரிவுகள் அப்படி என்று என் வக்கீல் சொன்னார். ஆக, ஜவானை நீதிமன்றத்துக்கு இழுத்துத் தோற்றதற்கு ஆகிற செலவை எந்த உறுப்பினரும் எழுந்து நின்று கேட்கப்போவதில்லை. எங்கள் பெயரில் வருகிற செலவு மட்டும் பத்திரிகையில் வரும்.

அமெரிக்காவே திணறியது என்றும் கட்டுரையில் இருக்கிறது. 2024 ஜூலையில் அங்கே படைவீரர் நலத்துறை, ஊன இழப்பீட்டுக்கும் ஓய்வூதியத்துக்கும் சுமார் 300 கோடி டாலர் குறைகிறது, பணம் தராவிட்டால் அக்டோபர் முதல் தேதி காசோலை தாமதமாகும் என்றது உண்மைதான். 2022இல் அவர்கள் கொண்டுவந்த சட்டத்தால், போர்க்களத்தில் குப்பை எரித்த புகையைச் சுவாசித்தவர்களுக்கும் இழப்பீடு விரிந்திருந்தது. செப்டம்பரிலேயே பணத்தைக் கொடுத்துவிட்டார்கள். கட்டுரையாளர் கதையை அங்கேயே நிறுத்திவிட்டார். பிறகு கணக்குப் பார்த்தால் குறைவே இல்லை, 500 கோடி டாலருக்கு மேல் மிச்சம்! அங்கே உறுப்பினர்கள் திட்டியது கணக்குத் தப்பாகப் போட்ட அதிகாரிகளை. உன் நோய் நிஜமா என்று யாரும் போய் வீரனைக் கேட்கவில்லை.

2019 ஜூனில், பணிக்காலம் முடித்து வந்தவர்களின் ஊன ஓய்வூதியத்துக்கு வருமான வரி என்று சுற்றறிக்கை விட்டார்கள், அதற்கும் உச்ச நீதிமன்றம்தான் குறுக்கே வர வேண்டியிருந்தது. அதைத் தங்கள் இதழ் எழுதியதா என்று தேடிப் பார்த்தேன், என் கண்ணில் படவில்லை. ஆனால் வருடா வருடம் ஜூலை 26 வந்தால் தங்கள் நிருபர் தவறாமல் போன் செய்வார், கார்கில் அனுபவம் நாலு வரி வேண்டும் என்று. போனில் எனக்குக் கேட்காது. அவர் கேட்பதை என் மனைவி என் முகத்துக்கு நேராக உதடு அசைத்துச் சொல்வாள், நான் பதில் சொல்வேன். அடுத்த நாள் 'கம்பீரக் குரலில் நினைவுகூர்ந்தார்' என்று வரும். காது கேட்காதவன் கத்தித்தான் பேசுவான் ஐயா.

வேலூர் மாவட்டத்தில் எங்கள் பக்கம் பட்டாளத்துக்கு ஆள் போகாத தெரு அபூர்வம். இந்தக் கடிதத்தை முழுதாகப் போட இடம் இருக்காது என்று தெரியும். அதிகாரிகள், ஜவான்கள் என்று அந்தச் சதவீதத்தைத் தனித்தனியாக ஒரு சின்னப் பெட்டிச் செய்தியாகவாவது போடுங்கள். அப்புறம், ஓய்வூதியதாரர்களுக்கான ஸ்பர்ஷ் (ராணுவ ஓய்வூதியத்தை இணையவழி வழங்கும் அமைப்பு) முகாம் அறிவிப்பை, முகாம் முடிந்த மறுநாள் விருந்தினர்களுக்குச் சால்வை போர்த்தும் படத்தோடு வெளியிடாமல், இரண்டு நாள் முன்னதாக மாவட்டப் பக்கத்தில் போட்டால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
முன்னாள் ஹவில்தார், பீரங்கிப் படை,
குடியாத்தம்