பேரேட்டில் ஏறாத இரண்டு ஆண்டுகள்

கொழிஞ்சாம்பாறை,
28 செப்டம்பர் 2025

அன்புள்ள நண்பனுக்கு,

நகரியிலிருந்து நீ எழுதிய கடிதம் சென்ற வாரம் கைக்கு வந்தது. உன் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்த செய்தியைப் படித்து வீட்டில் எல்லாரும் மகிழ்ந்தோம். விசைத்தறிச் சத்தத்தில் தூங்கப் பழகிய குழந்தை பிறகு எந்த ஊரிலும் தூங்கும் என்று என் மனைவி சொல்லச் சொன்னாள். இங்கே அனைவரும் நலம். கடலை பிடுங்கி முடிந்துவிட்டது.

"இரண்டு ஆண்டுகள் அந்த நாட்டில் நாள் முழுவதும் என்னதான் செய்தாய்?" என்று கேட்டிருக்கிறாய். என்னைத் தொண்டனாக அனுப்பிய திருச்சபை அலுவலகமும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை படிவம் அனுப்பி இதையேதான் கேட்டது. அவர்களுக்குச் சொல்ல முடியாமல் போனதை உனக்குச் சொல்லிப் பார்க்கிறேன்.

நான் இருந்தது சாம்பியாவின் கிழக்கு மாகாணத்தில், கட்டேட்டே நகரத்திலிருந்து மண்சாலையில் உள்ளே போகும் ஒரு கிராமப் பங்கு, அதாவது ஒரு கோயிலும் அதைச் சேர்ந்த கிறித்தவர்களும். அங்குள்ளவர்கள் செவா மக்கள். அந்த இனம் சாம்பியா, மலாவி, மொசாம்பிக் என்று மூன்று நாடுகளிலும் பரவிக் கிடக்கிறது. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளில் ஒருவர் வீட்டுப் பிள்ளை பள்ளியில் ஆங்கிலம் படிக்க, எல்லைக்கு அப்பால் இருப்பவர் வீட்டுப் பிள்ளை போர்த்துக்கீசியம் படிப்பதை அங்கே யாரும் விந்தையாகப் பேசுவதில்லை. எனக்கும் அது விந்தையாக இல்லை. நம் கேரள-தமிழ்நாடு எல்லையில் வேலந்தாவளத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் என் தங்கை மக்கள் தமிழில் படித்தார்கள், இந்தப் பக்கம் என் மக்கள் மலையாளத்தில் படித்தார்கள். 1960-இல் திருத்தணி தமிழ்நாட்டுக்கு வந்து, நகரி ஆந்திராவிலேயே நின்றுவிட்ட கதையை உன் அப்பா சொல்லக் கேட்டவன் நான். ஆண்டுதோறும் ஆகஸ்டு மாதத்தில் குலாம்பா விழாவுக்காக மூன்று நாட்டுச் செவாக்களும் கட்டேட்டே பக்கம் திரண்டு தங்கள் அரசருக்கு மரியாதை செலுத்துவதைப் பார்த்தபோது, நம் இருவர் வீட்டாரும் அப்படி ஒன்றுகூட ஓரிடம் இல்லையே என்றுதான் தோன்றியது.

மதம் மாற்றத்தானே போனான் என்று உன் மைத்துனர் சொன்னதாக எழுதியிருந்தாய். அந்த நாட்டைக் கிறித்தவ நாடு என்று அதன் குடியரசுத் தலைவரே 1991 டிசம்பரில் அறிவித்தாயிற்று. நான் இருந்த ஊரார் பாட்டன் காலத்திலேயே ஞானஸ்நானம் பெற்றவர்கள். மாற்ற வேண்டியிருந்தது பங்கின் கணக்கு நோட்டு ஒன்றுதான் என்று அவரிடம் சொல். கூட்டுறவு வங்கியில் முப்பது ஆண்டுகள் பேரேடு எழுதியவன் என்பதால்தான் என்னைத் தேர்ந்தெடுத்தார்கள்.

அங்கே விடியல் கைப்பம்பின் சத்தத்தில் தொடங்கும். நான்கரை மணிக்கே, அதாவது நீ காலை எட்டு மணிக் காப்பியைக் கையில் எடுக்கும் நேரத்தில், பெண்கள் குடங்களோடு ஆழ்துளைக் கிணற்றடியில் நிற்பார்கள். முதல் நாள் அந்தப் பம்பைப் பார்த்தவுடன் எங்கேயோ பார்த்த முகம் போலிருந்தது. 1970-களில் நம் கோயம்புத்தூர்ப் பக்கத்து ஊர்களில் இறக்கிச் சோதித்துப் பார்த்த அதே இந்தியா மார்க் 2. கறுத்த தோலும் நரைத்த மீசையுமாகப் போன என்னைப் பிள்ளைகள் வெள்ளைக்காரரைக் கூப்பிடுவது போல 'முசுங்கு' என்று கூப்பிட்டுக்கொண்டு பின்னால் ஓடிவந்தார்கள்; எனக்கு முன்பாக அந்தப் பம்பு ஊர்க்காரன் ஆகிவிட்டிருந்தது.

கணக்கு வேலைக்கும், மாலையில் பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லித் தருவதற்கும் சேர்த்து மூன்று மணி நேரம் போதும். மிச்சப் பொழுது முகமன் சொல்வதில் போனது. ஒரு வீட்டு முற்றத்தில் நின்று 'ஓடி' என்று குரல் கொடுத்து, அவர்கள் 'ஓடினி' என்று சொன்ன பிறகே உள்ளே போக வேண்டும். உட்கார்ந்து, கைகளைக் குவித்து மெல்லத் தட்டி, எப்படி விழித்தீர்கள் என்று கேட்டு, அவர்கள் திருப்பிக் கேட்டு, வீட்டில் உள்ள ஒவ்வொருவரையும் விசாரித்து முடித்தால்தான் வந்த காரியத்தைத் தொடலாம். ரசீதில் ஒரு கையெழுத்து வாங்க முக்கால் மணி நேரம் ஆகும். முதல் மூன்று மாதம் எனக்குப் பல்லைக் கடித்துக்கொண்டுதான் இருந்தது.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டு வேளையும் மக்காச்சோள மாவில் கிண்டிய நிஷிமா, நம் களியின் வெள்ளைத் தம்பி. ஆனால் பூசணி இலையைக் கடலைமாவு சேர்த்து வேகவைத்து அதனோடு தருவார்கள். அதற்காகவே இன்னொரு முறை போகலாம். (நம் பஜ்ஜிக் கடலைமாவு இல்லை, நிலக்கடலையை இடித்த மாவு.) கடலை விளைகிற சீமைதான் அது. எனக்குத் தெரிந்ததைச் சொல்லிக் கொடுக்க வாய்த்த ஒரே இடமும் அதுதான். காயைக் கையால் உரிக்கும் பெண்கள் ஓடு இளகட்டும் என்று தண்ணீர் தெளிப்பார்கள். அந்த ஈரத்தில் பூஞ்சை பிடித்துப் பருப்பில் நஞ்சு ஏறும். காயைக் காதருகில் ஆட்டினால் உள்ளே பருப்பு கலகலவென்று உருள வேண்டும், அதுவரை வெயிலில் விட வேண்டும் என்று என் அப்பா சொன்னதைச் சொன்னேன். கேட்ட பாட்டி ஒருவர், உரிக்கிற கைக்கு வலி உங்களுக்கா எங்களுக்கா என்றார். நியாயமான கேள்வி.

எல்லாவற்றையும் விட நினைவில் நிற்பது 2024-இன் தவக்காலம், ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலம். அங்கே மழை நவம்பரில் தொடங்கும், அறுவடை ஏப்ரலில் வரும். ஆகவே தவக்காலம் எப்போதும் குதிர் காலியாகும் மாதங்களில்தான் விழுகிறது. அந்த ஆண்டு மழை பாதியில் நின்று பயிர் கருகியது. பிப்ரவரி 14 அன்று தவக்காலத் தொடக்கமாக நெற்றியில் சாம்பல் பூசினார்கள். 29 அன்று வறட்சியைத் தேசியப் பேரிடராக அரசு அறிவித்தது. நாட்டின் 116 மாவட்டங்களில் 84 அடிபட்டிருந்தன. மின்சாரம் தரும் கரீபா அணையில் நீர் குறைந்து நகரங்கள் இருளில் மூழ்கியதைக் கம்பமே நடாத எங்கள் கிராமம் வானொலியில்தான் கேட்டது. ஒரு வேளை உணவை விடுங்கள் என்று அந்த மக்களிடம் எப்படிச் சொல்வது? பங்குத்தந்தை மறையுரையில் நோன்பைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. அப்படியிருந்தும் ஞாயிறு காணிக்கையின்போது பெண்கள் முரசுக்கு ஆடிக்கொண்டே, குலவையிட்டுக்கொண்டே ஒரு படி, அரைப்படி என்று மாவு கொண்டுவந்து பீடத்தின் முன் வைத்தார்கள். அதைக் கணக்கில் எழுதியவன் நான். எந்தத் தலைப்பில் வரவு வைப்பது என்று தெரியாமல் பேனாவைப் பிடித்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன்.

இனி நான் செய்த பிழை. நான் அங்கே போய்ச் சேர்ந்த இரண்டாம் மாதத்தில் ஊரில் ஒரு பெரியவர் இறந்தார். எனக்கு அவர் பழக்கமில்லை என்பதால் அலுவலறையில் உட்கார்ந்து அரையாண்டுக் கணக்கை முடித்தேன். மறுநாள் பங்கில் மறைக்கல்வி சொல்லித் தரும் உபதேசியார் வந்து, முறைப்படி எல்லாவற்றையும் விசாரித்துவிட்டு, "நேற்று உடம்புக்கு முடியவில்லையா?" என்று கேட்டார். அவருடைய கரிசனம் உண்மையானது. நோயைத் தவிர வேறொரு காரணத்தை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அங்கே சாவு என்றால் அடக்கம் முடியும்வரை யாரும் வயல்காட்டுக்குப் போவதில்லை. பெண்கள் மாவும் விறகும் சுமந்து வந்து உடலோடு வீட்டுக்குள் தரையில் உட்காருவார்கள். ஆண்கள் வெளியே நெருப்பைச் சுற்றி இரவெல்லாம் இருப்பார்கள். பேச்சும் அதிகம் இருக்காது. அதன் பிறகு நான் ஒன்றையும் விடவில்லை. அடுத்த படிவத்தில் 'பிற பணிகள்' என்ற இடத்தில் 'இழவு வீட்டில் இருந்தது: 9 இரவுகள்' என்று எழுதி அனுப்பினேன். இது எந்தத் திட்டத்தின் கீழ் வருகிறது, பயனாளிகள் எத்தனை பேர் என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். நான் பதில் எழுதவில்லை.

பொங்கலுக்கு முன் நகரி வர எண்ணியிருக்கிறேன். வந்தால் பத்து நிமிடத்தில் கிளம்ப மாட்டேன், முன்னதாகவே சொல்லிவிடுகிறேன். அதற்கு முன்பாகப் பார்சலில் ஒரு மூட்டை பச்சைக்காய் அனுப்புகிறேன். கிடைத்ததும் ஒன்றைக் காதருகில் ஆட்டிப் பார். சத்தம் வராவிட்டால் இன்னும் மூன்று நாள் மொட்டை மாடியில் காயட்டும்.

உன் பழைய அறைத்தோழன்