பாப்பாவுக்கு, அந்தப் படிவத்தைப் பற்றி

அன்புள்ள பாப்பா,

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் வாசித்த படிவம் மனசிலேயே நிற்கிறது. அடுத்த ஐந்து வருடத்துக்கு உன் தொழில் வளர்ச்சித் திட்டம் என்ன என்று உங்கள் நர்சிங் சூப்பிரண்டெண்ட் கேட்டிருக்கிறார். வெளிநாட்டு வேலைக்கான ஆங்கிலத் தேர்வான ஓஇடி, இதயம் நின்றால் செய்யும் அவசர சிகிச்சைப் பயிற்சியான ஏசிஎல்எஸ், ஐசியூ நர்ஸுக்கான மேல்படிப்பான கிரிட்டிகல் கேர் நர்ஸ் பிராக்டிஷனர், எம்.எஸ்சி. என்று நீ நான்கை அடுக்கினாய். இதில் எது முதலில் என்று கேட்டேன். "எல்லாரும் இதைத்தாம்மா எழுதுறாங்க" என்றாய். டூட்டிக்குக் கிளம்புகிற அவசரத்தில் இருந்தாய், அதனால் அப்போது ஒன்றும் சொல்லவில்லை. இப்போது நிதானமாக எழுதுகிறேன்.

உன்னிடம் இதுவரை சொல்லாத ஒரு விஷயம். நான் நர்ஸ் வேலைக்குச் சேர்ந்து நான்காவது வருடம். மெடிக்கல் வார்டில் நைட் டூட்டி. நாற்பதுக்கு மேல் நோயாளிகள், நானும் ஒரு பயிற்சி மாணவியும்தான். சார்ட்டில் காய்ச்சல், நாடி எல்லாம் பார்த்துத்தான் எழுதினேன். மூச்சை மட்டும் எண்ணவில்லை. எல்லாருக்கும் 20 என்று போட்டுக்கொண்டே போனேன். எனக்கு முன்னால் இருந்த சிஸ்டர்களும் அப்படித்தான் போட்டார்கள். காய்ச்சலுக்குச் சேர்ந்திருந்த ஒரு பெரியவர் விடியற்காலையில் பேச முடியாமல் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். டூட்டி டாக்டர் ஓடி வந்தார், ஆக்சிஜன் வைத்தோம், என்னென்னவோ செய்தோம். காலை டூட்டி ஆட்கள் வருவதற்குள் போய்விட்டார்.

யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேஸ் ஷீட்டில் எல்லாம் சரியாகவே இருந்தது. ஆனால் இரவு பத்து மணிக்கு அவர் நெஞ்சைப் பார்த்து ஒரு நிமிடம் எண்ணியிருந்தால் 20 வந்திருக்காது என்று இன்றைக்கும் நினைக்கிறேன். அவருடைய மகள் என்னிடம் வந்து, "ராத்திரியெல்லாம் பாத்துக்கிட்டீங்க சிஸ்டர்" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். அதை நான் எப்படி மறப்பேன்?

உடம்பு மோசமாகும்போது பெரும்பாலும் மூச்சுதான் முதலில் மாறும். பிபி கடைசிவரை தாக்குப்பிடித்து நம்மை ஏமாற்றும். மூச்சு, நாடி, பிபி என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட்டுக் கூட்டி, நோயாளி மோசமாவதை முன்கூட்டியே பிடிக்க இங்கிலாந்தில் 2012-ல் கொண்டுவந்த முன்னெச்சரிக்கை மதிப்பெண் முறையை நீ சர்ஜிகல் வார்டில் இருந்தபோது போட்டிருப்பாய். அதில் நிமிடத்துக்கு 12 முதல் 20 மூச்சு வரை மதிப்பெண் பூஜ்யம். 25 ஆனால் அது ஒன்றுக்கே 3. எண்ணாமல் 20 போட்டால் மொத்தக் கூட்டலும் பொய்.

அதற்கப்புறம் ஒரு வருடம் எனக்கு வேறு திட்டமே கிடையாது. ஒவ்வொரு நோயாளிக்கும் முழு நிமிடம் எண்ணுவது, மாறியிருந்தால் டாக்டரைக் கூப்பிடுவது, கூப்பிட்ட நேரத்தை எழுதிவைப்பது. அவ்வளவுதான். ஒரு நாற்பது பக்க நோட்டில் என் சொந்தக் கணக்கையும் வைத்துக்கொண்டேன். நைட்டிங்கேல் அம்மையாரை விளக்கோடுதான் படம் வரைகிறார்கள். ஆனால் போரில் காயத்தால் செத்தவர்களை விட, தடுத்திருக்கக்கூடிய நோயால் செத்த சிப்பாய்கள்தான் அதிகம் என்று எண்ணிக் காட்டி, ராணுவ மருத்துவமனைகளையே மாற்ற வைத்தது அவருடைய கணக்கு நோட்டுதான். நீயும் ஒன்று வாங்கு. உன் யூனிட்டில் ஊசி போட்ட நரம்பு எத்தனை பேருக்கு வீங்கிச் சிவக்கிறது, எத்தனையாவது நாளில் சிவக்கிறது என்று ஒரு மாதம் எழுதிப் பார். படிவத்தின் முதல் வரியில் அதைப் போடு.

ஐசியூவுக்கு மாறி இரண்டு மாதமாகியும் ஒன்றும் தெரியாதவள் மாதிரி இருக்கிறது என்று வருத்தப்பட்டாய். பாட்ரிசியா பென்னர் என்ற அமெரிக்க நர்சிங் அறிஞர், புதியவர் தொடங்கி வல்லுநர் வரை ஐந்து படிகள் என்று 1984-ல் எழுதினார். அனுபவம் இல்லாத பிரிவுக்கு மாற்றினால் பழைய கையும் மறுபடி புதியவர்தான் என்பதும் அதிலேயே உண்டு. ஆகவே வெட்கப்படாமல் கேள். வெண்டிலேட்டர் அலாரம் அடித்தால் அணைக்கும் முன் ஏன் அடித்தது என்று கேள். சீனியர் முகம் சுளித்தாலும் கேள்.

சரி, படிப்புக்கு வருகிறேன். ஏசிஎல்எஸ் இரண்டு நாள் வேலை, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், முடித்துவிடு. எம்.எஸ்சி. முடித்தவர்கள் பெரும்பாலும் கல்லூரிக்குப் போய்விடுகிறார்கள். பாடம் நடத்தப் பிடித்தால் அது நல்ல வழி, ஆனால் நீ நோயாளி பக்கத்தில்தான் சந்தோஷமாக இருக்கிறாய். அதனால் நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பைத்தான் நான் சொல்வேன். இரண்டு வருடமும் பெரும்பகுதி ஐசியூவிலேயே வேலை செய்துகொண்டு படிப்பது. வெளிநாட்டுக்குப் போக ஆசை என்றால் ஓஇடியும் எழுது. சம்பளத்துக்காகப் போவது தப்பே இல்லை, அப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

படிவத்தில் இன்னொன்றும் எழுது. வெண்டிலேட்டரில் இருக்கிறவருக்கு ஒரு நர்ஸ் வேண்டும், உங்களில் ஒருவருக்கே இரண்டு மூன்று நோயாளிகளைத் தருகிறார்கள். சிறந்த சேவை வேண்டும் என்று கேட்கிறவர்கள் ஆளையும் போட வேண்டும். மரியாதையாக, தேதி, ஷிஃப்ட், நோயாளி எண்ணிக்கையோடு எழுது. அன்றைக்கு அந்த வார்டில் நாற்பது பேருக்கு நாங்கள் இரண்டு பேர் என்று நானும் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். பயந்துபோய்ச் சும்மா இருந்துவிட்டேன்.

புதிதாகச் சேர்ந்த பிள்ளைக்கு இன்சுலின் பாட்டிலில் மில்லிக்கு 40 யூனிட்டா 100 யூனிட்டா என்று படிக்கவைத்து, 40-க்குச் சிவப்பு மூடி ஊசி, 100-க்கு ஆரஞ்சு மூடி ஊசி என்று எடுத்துக் கொடுத்தேன் என்றாயே. அன்றைக்கு இரவு அப்பாவிடம் அதையே இரண்டு தடவை சொன்னேன்.

லீவு கிடைத்தால் படிவத்தை எடுத்துக்கொண்டு வா, சேர்ந்து உட்கார்ந்து நிரப்பலாம். அப்புறம், ஏழாம் பெட் அம்மாவுக்கு இடுப்புக்குக் கீழே சிவந்திருக்கிறது, விரலால் அழுத்தினாலும் வெளுக்கவில்லை என்றாயே, அது படுக்கைப் புண்ணின் தொடக்கம். இரண்டு மணிக்கு ஒருதரம் திருப்பிப் படுக்க வைக்கிறீர்களா? ராத்திரியிலும்? இப்போது எப்படி இருக்கிறது, எழுது.

அன்புடன்,
அம்மா