சிமென்ட் கைவினைப் பட்டறைக்கு வருமுன்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புடையீர்,

வணக்கம். தோட்டத்துக்கான சிமென்ட் தொட்டிகளையும் இலைத் தட்டுகளையும் தம் கையாலேயே செய்து பழகும் எங்கள் பட்டறைக்குப் பெயர் கொடுத்திருக்கும் உங்கள் அனைவருக்கும் நன்றி. சிமென்ட், மணல், சல்லடை, கரணை, கலவைச் சட்டி ஆகிய அனைத்தையும் நாங்களே தருகிறோம். எனினும், கையுறையையும் அச்சுப் பாத்திரத்தையும் அவரவர் அளவுக்கும் விருப்பத்துக்கும் ஏற்பத் தேர்ந்தெடுப்பதே நல்லது என்பதால், அவற்றைப் பற்றிச் சற்று விரிவாக எழுதுகிறோம்.

முதலில் கைகளைப் பற்றி. நீர் கலந்த சிமென்ட் கடுமையான காரத்தன்மை உடையது, அதன் பி.எச். அளவு 12-க்கும் மேல். தோலில் பட்டவுடன் எரிச்சல் தெரியாது என்பதால் பலர் அதைப் பொருட்படுத்துவதில்லை. சில மணி நேரம் கழித்துத் தோல் சிவந்து, வெடித்து, புண்ணான பிறகே அது சுட்டிருப்பது புரியும். துணிக் கையுறை கலவையின் ஈரத்தை உறிஞ்சித் தோலோடு ஒட்டவைத்துவிடும் என்பதால் அது வெறுங்கையை விடவும் கேடானது. ஆகவே மணிக்கட்டுக்கு மேல் வரும் ரப்பர் அல்லது நைட்ரைல் (ஒரு வகைச் செயற்கை ரப்பர்) கையுறையைக் கொண்டுவாருங்கள். மோதிரம், வளையல், கைக்கடிகாரம் ஆகியவற்றின் அடியில் கலவை தங்கும் என்பதால் அவற்றை வீட்டிலேயே கழற்றி வைத்துவிடுங்கள். முழுக்கைச் சட்டையும் மூடிய காலணியும் அவசியம். உலர்ந்த சிமென்டையும் மணலையும் கொட்டிக் கலக்கும்போது எழும் நுண்தூசி நுரையீரலுக்கு ஆகாது. அதற்கு என்95 வகை முகக்கவசம் வேண்டும். கான்டாக்ட் லென்ஸ் அணிபவர்கள் அன்று மூக்குக் கண்ணாடியோடு வருவது நல்லது.

அச்சுக்கு, ஒன்றினுள் ஒன்றாக வைத்தால் சுற்றிலும் இரண்டு மூன்று சென்டிமீட்டர் இடைவெளி விடும் இரண்டு பிளாஸ்டிக் பாத்திரங்கள் போதும். வாய் அகன்றும் அடி குறுகியும் இருப்பவையே கழற்ற எளிதானவை. அலுமினியப் பாத்திரம் வேண்டாம். ஈரச் சிமென்டோடு அது வேதிவினை புரிந்து வாயுக் குமிழிகளை உண்டாக்கும். இலைத் தட்டு செய்ய விரும்புவோர் சேம்பு, பூசணி போன்று நரம்பு புடைத்த பெரிய இலைகளை அன்று காலையில் வெட்டி, காம்பை நீரில் நிறுத்திக் கொண்டுவரவும். இலையின் அடிப்புறத்தில்தான் நரம்புகள் எடுப்பாக இருக்கும் என்பதால், அந்தப் பக்கம் மேலே இருக்கும்படி மணல் மேட்டில் விரித்து, அதன்மேல் கலவையைப் பூசுவோம். சேம்பின் சாறு அரிப்பைத் தரும். வெட்டும்போதும் கையுறை இருக்கட்டும்.

ஒரு பங்கு சிமென்டுக்கு மூன்று பங்கு மணல் என்பது எங்கள் அடிப்படை அளவு. எடை குறைந்த தொட்டி வேண்டுவோருக்கு மணலுக்குப் பதிலாகத் தென்னை நார்க்கழிவும் பெர்லைட் எனும் எடை குறைந்த, பொரிந்த எரிமலைக் கல் துகளும் சேர்ப்போம். எந்தக் கலவையிலும் பதத்தைத் தீர்மானிப்பது நீர்தான். ஒரு பிடி கலவையை அழுத்தினால் அது உருண்டையாக நிற்க வேண்டும். விரலிடுக்கில் ஓரிரு துளி கசிந்தால் போதும். எளிதாக வார்க்கலாம் என்று நீரைக் கூட்டினால், அந்த மிகுதி நீர் பின்னர் ஆவியாகி நுண்துளைகளை விட்டுச்செல்லும், தொட்டியும் வலுவிழக்கும். அன்று நாங்கள் அதிகம் வலியுறுத்தப்போவது இதைத்தான்.

சிமென்ட் நீரோடு வினைபுரிந்தே கெட்டியாகிறது. வெயிலில் காயவைத்தால் அந்த வினை பாதியில் நின்றுவிடும். ஆகவே வார்த்த பொருளைப் பிளாஸ்டிக் தாளால் மூடி ஒரு நாளாவது அசையாமல் வைத்திருப்போம். மறுநாள் வந்து பெற்றுக்கொள்ளலாம். அன்றே எடுத்துச் செல்ல வேண்டியவர்கள் தட்டையான அடியுள்ள உறுதியான பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து, அச்சோடு குலுங்காமல் எடுத்துச் செல்லலாம். வீட்டில் குறைந்தது ஏழு நாள் ஈரச் சாக்கால் போர்த்தி வையுங்கள். வலு ஏறுவது 28 நாள் வரையிலும் அதற்குப் பின்னும் தொடரும். செடி வைப்பதற்கு முன், தொட்டியைச் சில நாள் நீரில் ஊறவைத்து, நீரை மாற்றி மாற்றி அதிலுள்ள சுண்ணாம்புக் காரத்தைக் கழித்துவிடுவது நல்லது. அமில மண்ணை விரும்பும் செடிகளுக்கு இது மிகவும் முக்கியம்.

தோல் ஒவ்வாமை, ஆஸ்துமா போன்ற தொல்லை உள்ளவர்கள் பட்டறை நாளுக்கு முன்பே எங்களிடம் சொல்லிவிட்டால், கலவை தயாரிக்கும் இடத்திலிருந்து தள்ளி, அச்சு வேலைப் பக்கம் உங்களுக்கு இடம் ஒதுக்கிவைப்போம்.

இப்படிக்கு,
பட்டறைக் குழுவினர்