செயலாளரின் ஆண்டறிக்கை 2025: வீடும் காணியும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, தோட்டத்தின் இரு பிரிவுகளிலிருந்தும் வந்திருக்கும் அங்கத்தவர்களே,

எமது குடியிருப்பாளர் சங்கத்தின் 2025ஆம் ஆண்டுக்கான அறிக்கையைச் சபை முன் வைக்கின்றேன். மாதாந்தக் கூட்டங்களும் சிரமதானங்களும் வழமைபோல் நடைபெற்றன. கணக்கறிக்கையைப் பொருளாளர் வாசிப்பார். ஆண்டு முழுவதும் எம்மை அலைய வைத்தது வீடும் காணியுமே ஆகையால், அதற்கே இவ்வறிக்கையின் பெரும்பகுதியை ஒதுக்கியுள்ளேன்.

எந்த வேலைக்கு எந்த அலுவலகம் என்று இளைய அங்கத்தவர்கள் அடிக்கடி கேட்பதால் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டியுள்ளது. 1979ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டத்தால் தேசிய வீடமைப்பு அபிவிருத்தி அதிகாரசபை அமைந்து, நாடெங்கும் பத்து இலட்சம் வீடுகள் திட்டம் பேசப்பட்ட காலத்தில், எம் பெற்றோரில் பலர் பிரஜாவுரிமையே இல்லாமல் லயத்துக் காம்பராவில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டின் ஒற்றை அறையில், இருந்தார்கள். 2018ஆம் ஆண்டின் 32ஆம் இலக்கச் சட்டம் பெருந்தோட்டப் பிராந்தியத்துக்கான புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகாரசபையை உருவாக்கியது. அதே ஆண்டில் பிரதேச சபைச் சட்டமும் திருத்தப்பட்டு, தோட்டத்துக்குள் சபை நிதியைச் செலவிட இருந்த தடை நீங்கியது. எம் மேற்பிரிவுப் பாதைக்குக் கொங்கிறீட் கேட்டு நாம் சபைக்குக் கடிதம் எழுத முடிவது அத்திருத்தத்தால்தான்.

கட்டப்பட்டவற்றைக் குறைத்துச் சொல்ல நான் விரும்பவில்லை. இந்திய உதவியுடன் மலையகத்தில் 4,000 வீடுகள் முதலில் எழுந்தன. 7 பேர்ச் காணியில் 550 சதுர அடி வீடு என்பது, பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் மூன்று தலைமுறையாகப் படுத்தெழும்பியவர்களுக்குச் சிறிய காரியமன்று. மேலும் 10,000 வீடுகள் தரப்படும் என்று இந்தியப் பிரதமர் நோர்வூட்டில் அறிவித்தது 2017 மே 12ஆம் திகதி. அம்மைதானத்தில் நின்று கேட்டவர்கள் இச்சபையில் இருக்கின்றார்கள். அன்று அவர்கள் இடுப்பில் இருந்த பிள்ளைகள் இன்று புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படிக்கின்றார்கள். இடையில் விலைவாசி ஏறியதால் ஒரு வீட்டுக்கான உதவித்தொகை 28 இலட்சம் ரூபாவாக உயர்த்தப்பட்டது. கடந்த ஒக்டோபர் 12ஆம் திகதி பண்டாரவளையில் 2,000 குடும்பங்களுக்கு வீட்டுரிமை ஆவணங்கள் வழங்கப்பட்டன.

ஆயினும், அதிகாரிகள் முன்னேற்றத்தைக் கட்டி முடித்த வீடுகளால் அளக்கின்றார்கள்; நாம் அதைக் கையில் உள்ள காணி உறுதியால், அதாவது உரிமைப் பத்திரத்தால், அளக்க வேண்டியிருக்கிறது. இதற்கு ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன். முன்னைய திட்டமொன்றில் வீடு பெற்ற எமது அங்கத்தவர் ஒருவர், ஓய்வுபெற்ற கொழுந்துத் தொழிலாளி, மகளின் தாதியர் படிப்புக்குக் கடன் கேட்டு வங்கிக்குச் சென்றபோது நானும் உடன் சென்றேன். பிஸ்கட் தகரத்துக்குள், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களுக்கு அடியில், நாலாக மடித்து வைத்திருந்த கடதாசியை அவர் நீட்டினார். உத்தியோகத்தர் இரு பக்கமும் புரட்டிப் பார்த்துவிட்டு, "அம்மா, இது கடிதம்தானே, உறுதி இல்லையே" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். கூரையும் சுவரும் கதவும் உள்ள வீடு, வங்கியின் கண்ணுக்கு அங்கே இல்லை. மூன்று சோடிக் காப்பை அடகு வைத்துத்தான் அப்பிள்ளையின் முதல் தவணைப் பணம் கட்டப்பட்டது.

அந்த உறுதிக்காக இவ்வாண்டில் நாம் நான்கு முறை உரிய அலுவலகத்துக்குச் சென்றோம். இரு முறை உத்தியோகத்தர் வெளிக்களக் கடமையில் இருந்தார். ஒரு முறை கோப்பு வேறு பிரிவில் இருந்தது. நான்காம் முறை, நில அளவை வரைபடத்தில் காணித் துண்டு இலக்கம் பிழை என்று அறிந்தோம். காணி அரசுக்குச் சொந்தம். கம்பனிகள் 1992 முதல் அதை முகாமை செய்து வருகின்றன. ஆகையால் கம்பனி விடுவிக்க வேண்டும், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்ணைப் பார்த்துப் பரிந்துரைக்க வேண்டும், நில அளவையாளர் கல் நட வேண்டும். இவற்றில் ஒன்று தவறினாலும் மற்றவை காத்திருக்கும்.

மண்ணைப் பார்ப்பதைத் தாமதம் என்று சலித்துக்கொண்டவர்களுள் நானும் ஒருவன். நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மழையில் கீழ்ப்புறத்துப் பணிய லயத்தின் பின்மேடு பிளந்து, தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரை மண்ணுக்குள் போனபின் அப்படிப் பேசுவதை விட்டுவிட்டேன். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்த மீரியபெத்தையில் லயங்கள் புதையுண்ட இடத்துக்கும் முன்னரே எச்சரிக்கை விடப்பட்டிருந்தது. எச்சரிக்கைக் கடிதத்தோடு மாற்றுக் காணியும் வந்தால்தான் மக்கள் எழும்பிப் போவார்கள். பணிய லயத்துக் குடும்பங்கள் கோயில் மண்டபத்தில் தங்கியிருந்த நாட்களில் சமையலைப் பொறுப்பேற்ற மாதர் பிரிவினருக்குச் சபை நன்றி கூறுகின்றது.

இன்னொரு விடயம். பெயர்ப் பட்டியல் தயாரிக்கும்போது தோட்டத்தில் பெயர் பதிந்து வேலை செய்பவரையே முதலில் பார்க்கின்றார்கள். கொழும்பில் கடையில் நிற்கும் மகனும், ஆடைத் தொழிற்சாலைக்குப் போகும் மகளும், வயது போய்ப் பேர் வெட்டப்பட்ட தாயும் அதே காம்பராவில்தான் வாழ்கின்றார்கள். வாய்ப்பை விரிவாக்குவதே நோக்கம் என்றால், பட்டியல் செக்ரோல் என்னும் தொழிலாளர் பதிவேட்டிலிருந்து அல்ல, காம்பராவிலிருந்து தொடங்க வேண்டும் என்று எழுத்துமூலம் கேட்டுள்ளோம். பதில் இன்னும் வரவில்லை.

வரும் ஆண்டில் மூன்று வேலைகள் மீதமுள்ளன: வரைபடத் திருத்தம், பணிய லயத்துக்கான மாற்றுக் காணி, கணவன் மனைவி இருவர் பெயரிலும் உறுதி கோரும் விண்ணப்பம். இம்மூன்றாவதற்காக ஒவ்வொரு குடும்பமும் இருவரின் அடையாள அட்டைப் பிரதிகளையும் விவாகச் சான்றிதழையும் அடுத்த ஞாயிறு காலை கோயில் மண்டபத்துக்குக் கொண்டுவர வேண்டும். விவாகம் பதியாதவர்கள் தயங்காமல் வரவும். பதிவாளரிடம் நாமே அழைத்துச் செல்வோம்.

இவ்வறிக்கையைச் சபையின் அங்கீகாரத்துக்குச் சமர்ப்பிக்கின்றேன்.

செயலாளர்