வீட்டை விற்கப் போகும் பங்காளிகளுக்கு, அதில் குடியிருப்பவன் எழுதுவது

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கம் பூர்வீக வீடு வைத்துக்கொண்டு வெளியூரில் வாழும் அண்ணன்மார்களுக்கும் ஆச்சிமார்களுக்கும் வணக்கம்.

வீட்டை விற்பது உங்கள் உரிமை. அதில் எனக்கு மறுப்பே இல்லை. பல புள்ளிகளுக்கு, அதாவது பல குடும்பங்களுக்கு, பங்குள்ள வீட்டை, ஒருவர் சென்னையிலும் ஒருவர் சிங்கப்பூரிலும் இருந்துகொண்டு ஓடு மாற்றி, ஒழுக்கு அடைத்துக் காப்பாற்றுவது எவ்வளவு பாடு என்று அதே வீட்டில் சமைத்துச் சாப்பிடுகிற எங்களுக்குத் தெரியாதா? நான் கேட்பது ஒன்றுதான். கிரயம் பேசும்போது உள்ளே ஒரு குடும்பம் இருக்கிறது என்பதையும் சேர்த்துப் பேசுங்கள்.

நாங்கள் இருந்த வீடு விலைக்கு வந்த செய்தியை உரிமையாளர்கள் யாரும் எங்களிடம் சொல்லவில்லை. ஒரு காலையில் தரகர் நாலு பேரோடு வந்து நின்றார். ஒருவர் நிலைக்கதவை விரல் மடக்கித் தட்டிப் பார்த்தார். இன்னொருவர் தூணைச் சுற்றி டேப் பிடித்து அளந்து செல்போனில் குறித்துக்கொண்டார். "பர்மா தேக்குதான்" என்று அவர்களுக்குள் பேச்சு. என் மனைவியிடம் கேட்டது ஒரே கேள்வி: "எப்பம்மா காலி பண்றீங்க?" வாங்குகிறவர் குடியிருக்க வாங்கவில்லை, பிரித்து விற்க வாங்குகிறார் என்பது அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் உள்ள பழம்பொருள் கடைகளுக்குத் தூணும் கதவும் எங்கிருந்து வருகின்றன என்று ஊருக்கே தெரியும். அந்த வீடுகளில் குடியிருந்தவர்கள் எங்கே போனார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

அடுத்த மாத வாடகையை இரண்டு பக்கமும் கேட்டார்கள். இதற்கு 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்திலேயே, 109-ஆம் பிரிவில், பதில் இருக்கிறது. வீடு கைமாறிய விவரம் தெரியாமல் பழைய உரிமையாளரிடம் கொடுத்த வாடகையைப் புதியவர் மறுபடி கேட்க முடியாது. கிரயத்துக்கு முந்தைய பாக்கியும், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், அவருக்குச் சேராது. அதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. விற்றுவிட்டதனால் மட்டுமே வாடகை ஒப்பந்தப்படி பழைய உரிமையாளருக்கு இருந்த பொறுப்புகள் தீர்ந்துவிடுவதில்லை. புதியவரையே பொறுப்பாளியாக ஏற்கிறேன் என்று குடியிருப்பவர் முடிவு செய்தால்தான் தீரும். "வித்தாச்சு, இனி அவங்களைக் கேளுங்க" என்று போனை வைத்துவிடுகிற பங்காளிகள் இதைத் தயவுசெய்து படிக்க வேண்டும்.

வாடகைக்காரருக்கு அட்வான்ஸ் தொகையோடு போகும். ஒத்திக்காரர் நிலைமைதான் மிக மோசம். நம் பக்கத்தில் ஒத்தி எவ்வளவு சாதாரணம் என்று உங்களுக்கே தெரியும். நகையை விற்று, சீட்டு எடுத்து, சில லட்சங்களை மொத்தமாகக் கொடுத்துவிட்டு வாடகையில்லாமல் இருப்பார்கள். போகும்போது பணம் திரும்பி வரும் என்ற நம்பிக்கை. எழுதிக்கொள்வது பெரும்பாலும் ஒரு முத்திரைத்தாளில், பதிவு இல்லாமல். ஆனால் அனுபவ அடமானமாக, அதாவது கொடுத்த பணத்துக்கு ஈடாக வீட்டை அனுபவிக்கும் அடமானமாக, ஒத்தி வைத்தால், தொகை 100 ரூபாயாக இருந்தால்கூடப் பதிவு செய்த பத்திரம் வேண்டும், இரண்டு சாட்சிகளாவது கையெழுத்திட வேண்டும் என்கிறது அதே சட்டத்தின் 59-ஆம் பிரிவு. பதிவாகாத ஒத்தி வில்லங்கச் சான்றில் வராது. வாங்குகிறவர் வில்லங்கம் போட்டுப் பார்க்கிறார், வீடு சுத்தமாகத் தெரிகிறது, பணம் கைமாறுகிறது. எங்கள் தெருவில் ஓர் அம்மாவுக்கு இப்படித்தான் ஆனது. ஒத்திப் பணத்தை வாங்கிய அண்ணன் காலமாகிவிட்டார். மற்றப் பங்காளிகள் "எங்களுக்கு அதுபற்றித் தெரியாது" என்றார்கள். அவர்கள் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை, உண்மையிலேயே தெரியாது. அந்த அம்மா சாவியைக் கொடுக்காமல் உட்கார்ந்திருந்ததைத் தவிர அவரிடம் வேறு பிடிமானமே இல்லை.

தமிழ்நாட்டில் 2017-ஆம் ஆண்டு இயற்றப்பட்டு 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள வாடகைச் சட்டம் எழுத்துப்பூர்வ ஒப்பந்தத்தைக் கட்டாயமாக்கியிருக்கிறது. அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். ஒப்பந்தம் போடாததே காலி செய்யச் சொல்வதற்கு ஒரு காரணமாகிவிடும் என்பதால் இந்தக் குறை முதலில் எங்களைத்தான் அடிக்கிறது. நாங்கள் கேட்டால் "நமக்குள்ள என்னத்துக்குப் பத்திரம்" என்று நீங்கள் அன்பாகத்தான் சொல்கிறீர்கள். அந்த அன்பு வாங்க வருகிறவருக்குக் கிடையாது. அவர் தண்ணீரை நிறுத்துவார், கரண்டைப் பிடுங்குவார். அதே சட்டம் அதைத் தடை செய்கிறது. ஆனாலும் வாடகை அதிகாரியிடம் புகார் கொண்டு நடக்க நேரமும் தெம்பும் எத்தனை பேருக்கு உண்டு?

ஆகையால், கிரய ஒப்பந்தம் போடும் முன், குடியிருப்பவருக்குப் பங்காளிகள் எல்லோரும் கையெழுத்திட்டு ஒரு கடிதம் அனுப்புங்கள். யாருக்கு விற்கிறீர்கள், எந்த மாதத்திலிருந்து வாடகை யாருக்கு, அட்வான்ஸை யார் திருப்பித் தருவார் என்று அதில் இருக்கட்டும். ஒத்தியென்றால் பணத்தைக் கிரயத் தொகையிலிருந்தே பிரித்து, கிரயத்தன்றே அவர் கையில் கொடுத்து ரசீது வாங்குங்கள். கொடுத்த விவரத்தைக் கிரயப் பத்திரத்திலும் எழுதுங்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற வீடென்றால் முழுப்பரீட்சை முடியும்வரை அவகாசம் பேசி வாங்கிக் கொடுங்கள். வாங்குகிறவர் உங்கள் பேச்சைக் கேட்பது பணம் கைமாறும்வரைதான்.

விலை பேசிக்கொண்டிருக்கும் வீடு இப்போது உங்களுக்கு இருந்தால், தரகரை அனுப்புவதற்கு முன்னால் உள்ளே இருப்பவருக்கு நீங்களே ஒரு போன் செய்து சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
காரைக்குடியில் வாடகைக்குக் குடியிருக்கும் ஒருவன்