அண்ணாவுக்கு, ஒரு புள்ளடி பற்றி

அண்ணா,

லண்டன் வீட்டை விற்கக் கொடுத்துவிட்டோம். சின்னவனின் பள்ளிக்கூடம் முடிந்ததும் நெதர்லாந்துக்கு, டென் ஹாக்குக்கே திரும்பிப் போகிறோம். மூத்தவள் இங்கேயே நிற்பாள், அவளுக்கு வேலை இங்கே. போனில் சொன்னால் "பிரிட்டிசை எடு எண்டு எத்தினை தரம் சொன்னனான்" என்று நீங்கள் தொடங்குவீர்கள், நான் வழக்கம்போல போனை இவரிடம் கொடுத்துவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன். "உதெல்லாம் நான் பாக்கிறேல்லை" என்று சொல்லிக்கொண்டே நான் எழுதுகிற எல்லாவற்றையும் நீங்கள் வாசிப்பது தெரியும். அண்ணி சொல்லியிருக்கிறா.

பிரிட்டிஷ் குடியுரிமையை எடுத்தால் என்னுடைய டச்சுக் குடியுரிமை தன்பாட்டில் போய்விடும், அவர்களின் சட்டம் அப்படி. பிரிட்டிஷ் ஆளைக் கட்டியிருந்தால் விலக்கு உண்டு. நான் கட்டினது இவரை. கையில் இருப்பது 2019-ல் எடுத்த செட்டில்ட் ஸ்டேட்டஸ், ஐரோப்பியருக்கு இங்கே நிரந்தரமாக இருக்கத் தருகிற அனுமதி. கையில் என்று சொல்வதும் பிழை, அதற்கு ஒரு மட்டைகூடத் தரவில்லை. யாராவது கேட்டால் இணையத்தில் போய் ஒரு இலக்கம் எடுத்துக் கொடுக்க வேண்டும். வெளியில் போய்த் தொடர்ந்து ஐந்து வருசம் இருந்தால் அதுவும் இல்லை. நெதர்லாந்தில் வாழ்ந்த ஒவ்வொரு வருசத்துக்கும் அரச ஓய்வூதியத்தில் 2 வீதம் சேரும், நாங்கள் விட்டுவிட்டு வந்த வருசங்கள் ஓட்டையாகவே கிடக்கின்றன. இப்படிக் கணக்குப் பார்த்துத்தான் முடிவெடுத்தோம். கணக்கு மட்டும்தான் காரணம் என்று உங்களுக்குச் சொன்னால் நம்பமாட்டீர்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் இருப்பதா விலகுவதா என்று பிரிட்டனில் 2016-ல் வாக்கெடுப்பு நடந்து இந்த ஜூன் 23-உடன் பத்து வருசம். அந்த நாள் வந்தால் உங்கள் மகள் பேஸ்புக்கில் எதையாவது போட்டு உங்களைக் குத்துவாள். அவளுக்கு நீங்கள் போலந்துக்காரரைப் பிடிக்காமல் விலகச் சொல்லி வாக்குப் போட்ட மனுசன். பெற்றோல் ஸ்ரேஷனில் இரவு வேலைக்கு நின்ற ருமேனியப் பெடியனுக்கு நீங்கள் அறை எடுத்துக் கொடுத்தது அவளுக்குத் தெரியாது, நீங்களும் சொல்லமாட்டீர்கள். யாரில் கோபித்துக்கொண்டு நீங்கள் அந்தப் புள்ளடியைப் போட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். என்னில்தான்.

உங்கள் குசினி மேசையில் அம்மாவின் விசாவை மறுத்த அந்தக் கடிதம் கிடந்த நாளை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். தெரேசா மே உள்துறையில் இருந்தபோது 2012 ஜூலையில் வந்த விதி அது. வயதான தாயைக் கூப்பிடுவதென்றால் அவவால் குளிக்க, உடுக்க, சமைக்க முடியாமல் இருக்க வேண்டும். அதைச் செய்துவிட ஊரில் காசு கொடுத்தும் ஆள் கிடைக்கக் கூடாது. கொக்குவிலில் ஆள் பிடிக்கலாம், மகன் அனுப்புகிற காசு அதற்குப் போதும் என்று எழுதியிருந்தார்கள். மாதம் தவறாமல் அனுப்பினதையே உங்களுக்கு எதிராகத் திருப்பியிருந்தார்கள். அதை நீங்கள் சத்தமாக வாசித்துவிட்டுச் சிரித்தீர்கள்.

நான் அப்போதுதான் வாய் திறந்தேன். ஐரோப்பியச் சட்டத்தில், ஒரு நாட்டுக் குடிமகள் இன்னொரு நாட்டுக்குப் போய் வேலை செய்தால் தன்னில் தங்கியிருக்கும் தாயையும் கூப்பிடலாம். டச்சுக்காரியாக லண்டனில் வேலை செய்த எனக்கு அது பொருந்தியது. பிரிட்டிஷ்காரனாகப் பிரிட்டனிலேயே இருந்த உங்களுக்குப் பொருந்தவில்லை. விண்ணப்பத்துக்குக் கட்டணமும் இல்லை. நீங்கள் எழும்பிப் போய் உங்கள் பாஸ்போட்டை எடுத்துவந்து என்னுடையதுக்குப் பக்கத்தில் வைத்தீர்கள். அப்போது இரண்டும் ஒரே சிவப்பு. "எண்பத்தெட்டிலை வந்தனான். ஒரு வருசம் வரி கட்டாமல் விட்டனானோ?" என்று கேட்டீர்கள். யாரைக் கேட்டீர்கள் என்று தெரியவில்லை. அண்ணி தேத்தண்ணியை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டா.

அம்மா என்னில் தங்கியிருக்கிறா என்று காட்ட வேண்டியிருந்தது. அந்தப் பற்றுச்சீட்டுகளைப் பற்றி உங்களுக்கும் எனக்கும் தெரிந்தது போதும், இது நாலு பேர் வாசிக்கிற இடம். ஒன்றை மட்டும் எழுதுகிறேன். அம்மா இந்த நாட்டில் இருந்ததற்கான எந்தத் தாளிலும் உங்கள் பெயர் இல்லை.

இனி அந்த நாள்.

ஐரிஷ், மோல்ட்டா, சைப்பிரஸ் ஆட்களைத் தவிர மற்ற ஐரோப்பியக் குடிகளுக்கு அந்த வாக்கெடுப்பில் வாக்கில்லை. பொதுநலவாய நாட்டவருக்கு உண்டு. இங்கே வேலை செய்து வரி கட்டிக்கொண்டிருந்த எனக்கு இல்லை, இலங்கைப் பாஸ்போட்டோடு வந்து இரண்டு வருசமான அம்மாவுக்கு இருந்தது. அவவை வாக்காளர் இடாப்பில் பதிவித்தது நீங்கள். காலையில் உங்கள் பக்கம், ஹில்லிங்டனில், உங்கள் வாக்கைப் போட்டுவிட்டு ஹரோவுக்கு வந்து அம்மாவைக் காரில் ஏற்றினீர்கள். முழங்கால் நோவோடு அவ தனியே நடக்கமாட்டா என்று நானும் ஏறினேன். அதற்காக மட்டும் ஏறவில்லை என்பது உங்களுக்கும் தெரியும்.

லண்டன் முழுக்க மழை. கிங்ஸ்ரன் பக்கம் வெள்ளத்தால் வாக்களிப்பு நிலையத்தையே மூட வேண்டி வந்தது. நீங்கள் காரை ஓரமாக விட்டு, ஒரு பெற்றோல் பில்லின் பின்பக்கத்தில் இரண்டு கட்டம் கீறினீர்கள். மேலே இருக்கிறது, கீழே விலகிறது. கீழ்க் கட்டத்தில் புள்ளடி போட்டுக் காட்டினீர்கள். அம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தா.

"வீட்டுச் சின்னம் எதிலை தம்பி?" ஊரில் தமிழரசுக் கட்சியின் சின்னம் வீடு.

"இதிலை சின்னம் இல்லையம்மா. கீழ்க் கட்டம், அவ்வளவுதான்."

"வீடு இல்லாத தேர்தலோ?" என்றா. நான் சிரித்தேன். நீங்களும் சிரித்தீர்கள். அன்றைக்கு நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து சிரித்தது அந்த ஒரு தரம்தான்.

அம்மா உள்ளே போனா. உங்கள் வாக்கு வேறு இடத்தில், எனக்கு வாக்கே இல்லை. இரண்டு பேருக்கும் உள்ளே அலுவல் இல்லை. வேலியோரம் ஒரு குடைக்குள் நின்றோம். நீங்கள் குடையை என் பக்கம் சரித்துப் பிடித்ததில் உங்கள் வலது தோள் தெப்பமாக நனைந்தது. சின்னனில் கொக்குவில் சந்தியிலிருந்து பள்ளிக்கூடம் போகும்போதும் அப்படித்தான் பிடிப்பீர்கள். "சும்மா ஒரு பாடம் படிப்பிக்கத்தானடி. உவங்கள் வெல்லமாட்டாங்கள்" என்றீர்கள். உங்களைப் போல எத்தனை பேர் அன்று யாரோ ஒருவருக்குப் பாடம் படிப்பிக்கப் போனார்களோ. குடையை வாங்கி எறிய வேண்டும்போல இருந்தது. உங்கள் தோளைத் துடைத்துவிட வேண்டும்போலவும் இருந்தது. ஒன்றும் செய்யவில்லை.

அம்மா வரச் சுணங்கினா. வந்ததும் சொன்னது, "பென்சிலாலை போட விடுறாங்கள். பிறகு அழிச்சுப்போட மாட்டாங்களோ?"

விடிந்தபோது விலகலுக்கு 51.9 வீதம். ஸ்ரேர்லிங் பவுண் 1985-க்குப் பிறகு காணாத இடத்துக்கு விழுந்து கிடந்தது. நீங்கள் போன் எடுத்தீர்கள், வென்ற குரல் அல்ல, கொஞ்சம் பயந்த குரல். அதற்குத்தான் நான் அப்படிச் சொன்னேன்: "அம்மா இஞ்ச இருக்கிறது என்ர பேரிலை. என்னைக் கலைச்சால் அவவும் போகவேணும். அதுக்கு அவவின்ர கையாலையே புள்ளடி போடுவிச்சிருக்கிறியள்."

இருபது வருசம் ஒரு வீட்டைத் தாங்கின பிள்ளையிடம் "என்ர பேரிலை" என்று சொல்லியிருக்கக் கூடாது. அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். ஆனால் நான் சொன்னது பொய்யில்லை, அண்ணா. எங்களை என்ன செய்யப் போகிறார்கள் என்று ஒருவருக்கும் தெரியாமல் இருந்தது. செட்டில்ட் ஸ்டேட்டஸுக்குப் பெரிய ஆட்களுக்குத் தலைக்கு 65 பவுண் என்றார்கள், பிறகு 2019 தொடக்கத்தில் அதை விட்டார்கள். ஐரோப்பியரை வைத்துப் பேரம் பேசக் கூடாது என்று ஆட்கள் நாடாளுமன்ற வாசலில் நின்றபோது, அந்தப் பேரத்துக்குள் கொக்குவிலில் இருந்து வந்த ஒரு கிழவியும் இருந்தா. அந்த மாதங்களில் நீங்கள் வாசல்வரை வந்து அம்மாவுக்கு மருந்து கொடுத்துவிட்டுக் காரிலேயே திரும்பிப் போனீர்கள். அதை நான் மன்னிக்கவில்லை. இன்னும் இல்லை.

2021 செப்ரெம்பர் நினைவிருக்கும். பவுசர் ஓட ஆளில்லாமல் பம்புகளுக்கு உறை போட்டுவிட்டு நீங்கள் வாசலில் நின்றீர்கள். கிறிஸ்மஸ் வரைக்கும் 5,000 வெளிநாட்டுச் சாரதிகளுக்குத் தற்காலிக விசா என்று அரசாங்கம் அறிவித்தது. பிறகு ஆமிக்காரரை விட்டு ஓடுவித்தது. நான் புட்டும் மீன்குழம்பும் கொண்டுவந்தபோது ஒருவன் காருக்குள்ளிருந்து உங்களை "உன்ர நாட்டுக்குப் போ" என்று கத்திக்கொண்டிருந்தான். எனக்குப் பாவமாக இருந்தது. கொஞ்சம் திருப்தியாகவும் இருந்தது. சாரதி இல்லாததுக்குக் கொரோனாதான் காரணம் என்று நீங்கள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னீர்கள். அதுவும் ஒரு காரணம்தான், நான் மறுக்கவில்லை.

உங்கள் பக்கத்து நியாயத்தையும் எழுதத்தான் வேண்டும். ஐரோப்பியன் தானாக வரலாம், எங்கள் ஆட்கள் வரமுடியாது, விலகினால் அது சரியாகும் என்று நீங்கள் சொன்னதை நீங்களாகக் கண்டுபிடிக்கவில்லை. அப்போது அமைச்சராக இருந்த பிரீத்தி பட்டேலே கறிக்கடைகளைக் காப்பாற்றுவோம், தெற்காசியாவிலிருந்து சமையல்காரர் வரலாம் என்று சொல்லி வாக்குக் கேட்டவ. கறிக்கடைக்குச் சமையல்காரர் வந்து குவியவில்லை. ஆனால் 2022-ல் வயதானவர்களையும் இயலாதவர்களையும் பராமரிக்கிற வேலைக்கான கெயார் விசா திறந்தது. சின்னம்மாவின் பேரன் காணியை ஈடுவைத்து வந்து இறங்கினபோது "பாத்தியே, இப்ப எங்கட பெடியள்" என்று போன் எடுத்தீர்கள். அதிகம் பேர் வருகிறார்கள் என்று விலகின நாட்டில், 2023 நடுப்பகுதிவரையான ஒரு வருசத்தில் வந்தவர்களில் போனவர்களைக் கழித்த தொகை ஒன்பது இலட்சத்தைத் தொட்டது. பெரும்பாலானவர்கள் ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வந்தவர்கள். உங்கள் கணக்கு ஒரு பொழுதுக்குச் சரிதான்.

பிறகு 2024 மார்ச்சில் கெயார் விசாக்காரர் குடும்பத்தைக் கூப்பிட முடியாது என்றார்கள். 2025 ஜூலையில் வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதையே மூடினார்கள். நிரந்தர வதிவிடத்துக்கு ஐந்து வருசம் என்பதைப் பத்தாக்கப் போவதாகவும் அறிவித்தார்கள். அவனை எடுத்த நிறுவனத்தின் அனுமதி பறிபோன பிறகு அவன் எங்கே நிற்கிறான் என்பதை இங்கே எழுதமாட்டேன். காணி இன்னும் ஈட்டில்தான் கிடக்கிறது.

புதிதாக லண்டனுக்கு வருகிற டச்சுக்காரி ஒருத்தி இனித் தாயைக் கூப்பிடப் போனால், உங்கள் மேசையில் கிடந்த மாதிரி ஒரு கடிதம்தான் அவளுக்கும் வரும். உங்களுக்கு இல்லாதது எனக்கு மட்டும் ஏன் என்று கேட்டீர்கள். இப்போது புதிதாக வருகிற ஒருவருக்கும் இல்லை.

அம்மா படுக்கையில் கிடந்த நாட்களில் ஒரு இரவு நான் அந்தப் புள்ளடியைப் பற்றிக் கேட்டேன். உங்களுக்குச் சொல்லவில்லை, சொன்னால் நோகும் என்று நினைத்தேன். "ரெண்டிலையும் போட்டனான் பிள்ளை. ஒண்டு தம்பிக்கு, ஒண்டு உனக்கு" என்றா. நாடு முழுக்க 25,000 சொச்சம் வாக்குகளைச் செல்லாதவை என்று ஒதுக்கினார்கள். அதில் அம்மாவினுடையதும் ஒன்றாக இருக்கலாம். எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று அப்படிச் சொன்னாவோ தெரியாது. உங்களிடம் "நீ காட்டின கட்டத்திலைதான் போட்டனான்" என்று சொல்லியிருப்பா. சொன்னாவா? எனக்கு எழுதுங்கோ. இங்கே கீழே எழுத வேண்டாம், தனியாக எழுதுங்கோ.

அங்கேயும் வில்டர்ஸ் இருக்கிறான்தானே என்பீர்கள். இருக்கிறான். 2023 தேர்தலில் அவனுடைய கட்சிதான் முதலாவதாக வந்தது. அகதிகளை நிறுத்துவது போதாது என்று 2025 ஜூனில் அவன் விலகித்தான் அங்கே அரசாங்கமே விழுந்தது. சொர்க்கத்துக்குப் போகிறேன் என்று நான் சொல்லவில்லை. 2024 ஓகஸ்டில் இங்கே ஊர் ஊராகக் குடியேறிகளுக்கு எதிராகக் கலவரம் நடந்தபோது "கடைசி மட்டும் வெளியிலை போகாதை, சாமான் நான் கொண்டுவாறன்" என்று போன் எடுத்தது நீங்கள். அப்படி எடுக்க டென் ஹாக்கில் எனக்கு ஆளில்லை. அதை யோசிக்காமல் முடிவெடுத்தேன் என்று நினைக்காதேங்கோ.

ஹாரிச்சில் ஏறி ஹூக் வான் ஹொலண்டில் இறங்குவதாக இருக்கிறோம். வந்தபோது ஒருவரும் கேட்காத சாமான்களுக்கு இப்போது சுங்கத்துக்குப் பட்டியல் கொடுக்க வேண்டும், அம்மாவின் தையல் மெசின் உட்பட. உங்களுக்கு அங்கே 180 நாளில் 90 நாள்தான், எல்லையில் கைரேகையும் எடுப்பார்கள். வரிசையில் நின்று என்னைத் திட்டக் கூடாது. வான் பிடித்தாயிற்று, ஓட ஆள் வேண்டும். இவருக்கு இரவில் கண் தெரியாது. நீங்கள் ஓடுவதென்றால் இந்த ஞாயிறுக்குள் சொல்லுங்கோ. ஹாரிச் போய்ச் சேரும்வரை பிரெக்சிற் கதை எடுக்கக் கூடாது. எடுப்பதென்றால் இப்போதே சொல்லிவிடுங்கோ, வேறு ஆளைப் பிடிக்கிறோம்.

உங்கள் தங்கச்சி