27-ஆம் நம்பர் பில்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். நீ போனில் சொன்ன விஷயத்தை இரண்டு நாளாக மனசில் போட்டுப் புரட்டிக்கொண்டிருக்கிறேன். போனில் பேசினால் நீ 'சரிப்பா, சரிப்பா' என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவாய். அதனால்தான் தாளில் எழுதுகிறேன். பக்கத்து வீட்டுத் தம்பி போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பித் தருகிறேன் என்றிருக்கிறான்.

உன் கடையில் ஃப்ளோர் மேனேஜர் இடம் காலி என்றாய். அந்தப் பெண் வேலையில் கெட்டிதான், ஆனால் பையன் ராத்திரி குளோசிங் வரை நிற்பான், விற்பனைக் கணக்கும் அவனுக்குத்தான் அதிகம், அவனுக்கே போட்டுவிடலாம் என்று இருக்கிறேன் என்றாய். கேட்கும்போது எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. படுத்த பிறகுதான் உறைத்தது. 1999-ல் எங்கள் மேனேஜர் ஏறக்குறைய இதே வார்த்தைகளைச் சொல்லித்தான் என்னை ஃப்ளோர் சூப்பர்வைசர் ஆக்கினார். அன்றைக்குக் கெட்டிக்காரப் பெண்ணாக இருந்து இடம் கிடைக்காமல் போனவள் உன் அம்மா.

தி.நகரில் ஒரே ஜவுளிக்கடையில் இரண்டு பேரும் வேலை பார்த்தோம் என்பது உனக்குத் தெரியும். அம்மா 1992-ல் சேர்ந்தவள். நான் 1994-ல் ஊரிலிருந்து பஸ் ஏறிப் போய்ச் சேர்ந்தேன். பிரித்த புடவையை ஒரு நிமிஷத்துக்குள் கசங்காமல் மடிக்க எனக்குக் கற்றுக் கொடுத்தவளே அவள்தான். கல்யாணமான மாதம் சம்பளக் கவர் இரண்டையும் பாயில் வைத்தோம். காக்கிக் கவர், மேலே பென்சிலில் தொகை. என்னுடையதில் 1,100, அவளுடையதில் 950. இரண்டு வருஷம் மூத்தவள் அவள். மறுநாள் அவளே போய் மேனேஜரிடம் கேட்டாள். அவர் சிரித்துக்கொண்டே, "ரெண்டு கவரும் ஒரே வீட்டுக்குத்தானேம்மா போகுது" என்றாராம். வீட்டுக்கு வந்து சொன்னாள். நானும் சிரித்தேன்.

அந்த 150 ரூபாயைக்கூட விட்டுவிடலாம். பெரிய வித்தியாசம் செக்ஷனில் இருந்தது. பட்டு, வேட்டி, சூட்டிங் இதெல்லாம் ஆண்களுக்கு. நைட்டி, உள்ளாடை, குழந்தைகள் துணி பெண்களுக்கு. இன்சென்டிவ் விற்ற தொகையைப் பொறுத்தது. 120 ரூபாய் நைட்டியை நாள் முழுக்க விற்றாலும் ஒரு பட்டுப்புடவைக்கு ஈடாகுமா? இன்னொரு கூத்தும் உண்டு. பட்டு செக்ஷனில் வெள்ளைத் துணி விரித்த மெத்தை. நாங்கள் அதில் சம்மணம் போட்டு உட்கார்ந்து புடவை காட்டுவோம். பெண்கள் கவுண்டருக்குப் பின்னால் காலை ஒன்பதரையிலிருந்து நின்றபடி இருப்பார்கள். ஸ்டூலில் சாய்ந்தால்கூட ஃபைன். கேரளத்தில் கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் விஜி என்ற தையல்காரப் பெண்மணி கடைப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு போராடியதில், 2018-ல் அங்கே உட்காரும் உரிமைக்குச் சட்டம் வந்தது. 2021-ல் நம் தமிழ்நாட்டிலும் வந்தது. அதற்குள் அம்மாவின் காலில் நரம்பு சுருண்டுவிட்டது.

இனி நான் உன்னிடம் இதுவரை சொல்லாததைச் சொல்கிறேன்.

1998 ஆவணி. முகூர்த்த நெருக்கம், பட்டு செக்ஷனில் கால் வைக்க இடமில்லை. நைட்டி செக்ஷனிலிருந்து அம்மாவை 'ஒரு மணி நேரம் வந்து கை கொடு' என்று கூப்பிட்டார்கள். என் முன்னால் விருதுநகர்ப் பக்கத்துக் குடும்பம் ஒன்று, பத்துப் பதினைந்து பேர். நானும் முந்தியை என் தோளிலேயே போட்டுப் போட்டுக் காட்டுகிறேன், ஒருவரும் அசையவில்லை. கல்யாணப் பெண்ணின் அத்தை அரக்கு நிறப் புடவை ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, "இது கோர்வைதானா?" என்று கேட்டார். கோர்வை என்றால் கரையைத் தனி நூலில் நெய்து உடலோடு கோப்பது. 'ஆமாம்மா' என்று சொல்ல வாயெடுத்தேன். அம்மா அந்தப் புடவையை வாங்கித் திருப்பிப் போட்டாள். உடலும் கரையும் சேரும் இடத்தில் விரலை ஓட்டினாள். "இல்லம்மா, இது சாதா கரை. கோர்வைன்னா இணைப்பு கையில தட்டும்" என்று சொல்லி, இன்னொரு புடவையை எடுத்து, அந்த அத்தையின் ஆள்காட்டி விரலைப் பிடித்து அதே இடத்தில் வைத்தாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்த அத்தை என் பக்கம் திரும்பவே இல்லை. பதினான்கு புடவை, 68,000 ரூபாய்க்கு மேல்.

இதையெல்லாம் யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பட்டு செக்ஷன் ஓரமாக நின்று பார்த்துப் பார்த்துக் கற்றது.

பில் போட வேண்டும். பில்லில் யார் நம்பரோ அவர் கணக்கில்தான் விற்பனை சேரும். பட்டு செக்ஷனில் அம்மாவுக்கு நம்பர் கிடையாது. என் நம்பர் 27. பதினான்கு புடவைக்கும் 27 என்றே எழுதினேன். அவளும் பார்த்துக்கொண்டுதான் நின்றாள். அந்த மாதம் வந்த இன்சென்டிவில் அவளுக்கு ஒரு சின்னாளப்பட்டிச் சேலை எடுத்துக் கொடுத்தேன், ஏதோ நான் சம்பாதித்துக் கொடுத்த மாதிரி. அந்தச் சீசனில் கடையிலேயே அதிக விற்பனை 27-ஆம் நம்பர். மறுவருஷம் சூப்பர்வைசர் பதவி.

"கணக்குல நீதான் முதல். ராத்திரி ஸ்டாக் பார்க்க நிப்பே. கொள்முதலுக்குச் சூரத் அனுப்பலாம். பொண்ணுங்களை எப்படிய்யா சூரத் அனுப்புறது?" என்றார் மேனேஜர். நான் ஒன்றும் சொல்லவில்லை. பதினொரு வருஷம் சூப்பர்வைசராக இருந்தேன். யாருக்கு எந்த செக்ஷன் என்று போட்டது நான்தான். பட்டு மெத்தையில் ஒரு பெண்ணைக்கூட நான் உட்கார வைக்கவில்லை.

2003 வாக்கில் லேபர் இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று கணக்குப்பிள்ளை ஒரு ரிஜிஸ்டரைத் தூசி தட்டி எடுத்தார். படிவம் 'டி'. ஆண்கள் எத்தனை பேர், பெண்கள் எத்தனை பேர், என்ன வேலை, என்ன சம்பளம் என்று கட்டம் கட்டமாக இருந்தது. ஆண்களுக்கு நேரே 'சேல்ஸ்மேன்' என்று எழுதினார், பெண்களுக்கு நேரே 'சேல்ஸ் உதவியாளர்' என்று எழுதினார். பெயர் வேறாகிவிட்டால் வேலையும் வேறாகிவிடுமாம். சரிபார்த்ததாக நானும் பக்கத்தில் நின்று தலையாட்டினேன். அன்றைக்குத்தான் இப்படி ஒரு சட்டம் இருப்பதே எனக்குத் தெரியும். சம ஊதியச் சட்டம், 1976. ஒரே மாதிரி வேலைக்கு ஒரே சம்பளம் என்று அப்போதே எழுதிவிட்டார்கள். 1987-ல் திருத்தி, பதவி உயர்விலும் பயிற்சியிலும் இடமாற்றத்திலும்கூடப் பாகுபாடு கூடாது என்று சேர்த்தார்கள். அதே 1987-ல் பம்பாய் கப்பல் கம்பெனி ஒன்றின் பெண் ஸ்டெனோகிராபர் வழக்கில், கம்பெனிக்கு வசதி இல்லை என்பதெல்லாம் காரணமாகாது என்று உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. அம்மா வேலைக்குச் சேர்வதற்கு ஐந்து வருஷம் முன்னாலேயே எல்லாம் தாளில் இருந்தது, பார்த்துக்கொள். இப்போது 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டத்தின் இடத்தில் ஊதியச் சட்டத் தொகுப்பு வந்திருக்கிறது. அதிலும் பாகுபாடு கூடாது என்றுதான் இருக்கிறது. அதை என்னைவிட உனக்கு நன்றாகத் தெரியும்.

நீ போன வருஷம் அனுப்பிய, அமெரிக்கக் கடை நிறுவனமான வால்மார்ட்டின் வழக்கை இப்போது மறுபடி வாசித்தேன். பெட்டி டியூக்ஸ் என்ற அம்மாவும் இன்னும் சில பெண்களும், சம்பளத்திலும் பதவி உயர்விலும் பெண்களிடம் பாகுபாடு காட்டுகிறார்கள் என்று 2001-ல் போட்ட வழக்கு. ஏறக்குறைய 15 லட்சம் பெண்களுக்காக. 2011-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், இத்தனை பேரும் சேர்ந்து ஒரே வழக்காக நடத்த முடியாது என்றது. சம்பளமும் பதவி உயர்வும் அந்தந்தக் கடை மேனேஜரின் முடிவு, எல்லோரையும் கட்டும் பொதுவான காரணம் ஒன்றைக் காட்டவில்லை என்றார்கள். ஒன்பது நீதிபதிகளில் ஐந்து பேர் அப்படி, நாலு பேர் வேறு மாதிரி. பாகுபாடு நடக்கவில்லை என்று யாரும் தீர்ப்புச் சொல்லவில்லை, அதைக் கவனி. எனக்கு அந்த 'மேனேஜரின் முடிவு' என்ற இடத்தில்தான் நின்றுவிட்டது. நானும் அப்படி ஒரு மேனேஜராக இருந்தவன். பெண்களை அமுக்க வேண்டும் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. வேலை ஓட வேண்டும் என்றுதான் நினைத்தேன்.

அதனால் கேட்கிறேன். அந்தப் பையனின் விற்பனைக் கணக்கு எந்த செக்ஷனில் வந்தது? அவனை அங்கே போட்டது யார்? அவளை அதே இடத்தில் ஒரு சீசனாவது நிறுத்திப் பார்த்தீர்களா? குளோசிங் விஷயமும் அப்படித்தான். ராத்திரி எட்டு மணிக்கு மேல் பெண்கள் வேலை பார்க்க வேண்டுமானால் எழுத்தில் சம்மதம் வேண்டும், வண்டி வசதி தர வேண்டும் என்று 2019 அரசாணையிலேயே சொல்லியிருந்தார்களே. வண்டிச் செலவு கடையுடையது. அதை மிச்சம் பிடிக்க அவளுடைய பதவியைப் பிடித்துக்கொள்வது என்ன கணக்கு? கோபமாக எழுதுகிறேன் என்று நினைக்காதே. கோபம் உன் மேல் இல்லை.

இதை எழுதுவதைப் பார்த்துவிட்டு அம்மா, "இப்ப எதுக்கு அந்தப் பழைய குப்பையெல்லாம்" என்றாள். 27-ஆம் நம்பர் பில் ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். "பதினாலு புடவை. அதுல ஒண்ணு மயில்கழுத்து நிறம்" என்றாள், அரிசியிலிருந்து தலையைத் தூக்காமலே. கொஞ்ச நேரம் கழித்து, சூரத்துக்கு அனுப்பியிருந்தால் போயிருப்பாயா என்றேன். "என்னை யாரு கேட்டா? கேட்டிருந்தா ஆச்சியை வரவழைச்சு உன் மகளை விட்டுட்டுப் போயிருப்பேன்" என்றாள். இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. நானும் இன்றைக்குத்தான் கேட்கிறேன்.

சில்லுக் கருப்பட்டி பார்சலில் போட்டிருக்கிறேன், நாளை மறுநாள் கோயம்புத்தூர் வந்துவிடும். உடனே டப்பாவில் மாற்றி வை, இல்லாவிட்டால் எறும்பு வந்துவிடும். அம்மா உன்னிடம் ஒன்று கேட்கச் சொல்கிறாள். குளோசிங்குக்கு நிற்பாயா என்று அந்தப் பெண்ணிடம் நீ கேட்டாயா, இல்லை நிற்கமாட்டாள் என்று நீயே வைத்துக்கொண்டாயா? ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது அவளிடமே சொல்.

அன்புடன்,
அப்பா